தானாக நிற்கும் காரில் வீடு திரும்பும்போது

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் வீடு திரும்பும் நாள். உசிலம்பட்டிப் பக்கம் அவர் ஊர். மகன் புதிய காருடன் மருத்துவமனை வாசலில் காத்திருந்தார். இயன்முறை மருத்துவர் என்ற முறையில், நோயாளி வண்டியில் ஏறும்வரை கூடவே செல்வது என் வழக்கம். பின் இருக்கையில் மெத்தை விரித்துத் தலையணை வைத்துப் படுக்கையே தயார் செய்திருந்தார்கள். “அப்பா படுத்துக்கிட்டே வரட்டும் சார். எது குறுக்க வந்தாலும் இந்த வண்டி அதுவே பிரேக் போட்டுரும். பயமே இல்ல” என்றார் மகன்.

“அதுவே பிரேக் போட்டால், படுத்திருக்கும் அப்பா எங்கே போவார்?” என்று கேட்டேன். அவர் பின் இருக்கையைப் பார்த்தார். முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் இடையிலுள்ள பள்ளத்தைப் பார்த்தார். மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு, முன் இருக்கையை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிச் சற்றே சாய்த்து, அப்பாவை அமர வைத்து சீட் பெல்ட் மாட்டினார்.

அந்த மகன் அக்கறையில்லாதவர் அல்லர். தம் வண்டியில் இருக்கும் ஒரு நல்ல கருவியை, அதனால் செய்ய இயலாத வேலைக்கும் சேர்த்து நம்பிவிட்டார். இப்போது நம் வாசலுக்கு வரும் கார்களில் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும், சிவகங்கை, இராமநாதபுரம், தேனி, விருதுநகர் மாவட்டங்களிலிருந்தும் சிகிச்சைக்காக மதுரைக்கு வருவோர், உடல் நலிந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு ஒன்றிரண்டு மணி நேரம் பயணம் செய்கிறார்கள். அந்தப் பயணத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

வண்டி எதைப் பார்க்கிறது?

விற்பனையகங்களில் ‘ஏடாஸ்’ என்ற பெயரில் விளக்கப்படும் ஓட்டுநர் உதவி வசதிகளில் இரண்டு இங்கே நமக்கு முக்கியம். ஒன்று, மோதல் எச்சரிக்கை. முன்னால் செல்லும் வண்டியை நீங்கள் ஆபத்தான வேகத்தில் நெருங்கினால் ஒலியும் ஒளியும் எழுப்பும். மற்றொன்று, தானியங்கி அவசர பிரேக். எச்சரித்தும் ஓட்டுநர் எதுவும் செய்யாவிட்டால், அல்லது அவர் மிதித்த பிரேக் போதாவிட்டால், வண்டியே பிரேக் பிடிக்கும். உள்முகக் கண்ணாடியின் பின்புறம், முன்கண்ணாடியை ஒட்டி ஒரு கேமரா இருக்கும். பல வண்டிகளில் முன் பம்பரிலோ சின்னத்தின் பின்னாலோ ரேடாரும் இருக்கும். முன்னால் உள்ள பொருளின் தூரத்தையும் அதை நெருங்கும் வேகத்தையும் இவை ஓயாமல் கணக்கிடுகின்றன.

வால்வோ நிறுவனம் 2008-இல் தன் எக்ஸ்சி60 காரில் நகர வேகத்துக்கான தானியங்கி பிரேக்கைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களில் 2021-இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி700 போன்றவற்றுக்குப் பிறகே இது பரவலாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். இங்கே காரின் மாடலையும், அதிலும் விலை கூடிய வகையா குறைந்த வகையா என்பதையும் பொறுத்தது. ஒரே பெயருள்ள காரில் அண்ணன் வண்டியில் இருக்கும், தம்பி வண்டியில் இராது. பாரத் என்கேப் வழங்கும் நட்சத்திரங்களைப் பார்த்து இந்த வசதியும் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அந்த மதிப்பீடு, பெரும்பாலும் மோதல் நிகழ்ந்தபின் உள்ளிருப்போர் எவ்வளவு காக்கப்படுகிறார்கள் என்பதைச் சோதிப்பது.

இதனால் பயன் உண்டா என்றால், நிச்சயம் உண்டு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் உண்மையான விபத்துப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. எச்சரிக்கை மட்டும் உள்ள கார்கள், முன்செல்லும் வண்டியின் பின்புறத்தில் மோதுவது 27 விழுக்காடு குறைந்திருந்தது. தானியங்கி பிரேக்கும் சேர்ந்திருந்தபோது பாதியாகக் குறைந்தது. ஆனால் அதே நிறுவனம் நடந்து செல்வோர்மீது மோதும் விபத்துகளைத் தனியே ஆராய்ந்தபோது மற்றொன்று தெரிந்தது. மொத்தத்தில் 27 விழுக்காடு குறைந்திருந்தாலும், தெருவிளக்கில்லாத இருட்டில் இந்தக் கருவி இருந்த கார்களுக்கும் இல்லாத கார்களுக்கும் வேறுபாடே காணப்படவில்லை.

இந்தக் கடைசி வரி நம் ஊருக்கு மிகவும் பொருந்தும். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு 44-க்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஏறக்குறைய 20 பேர் நடந்து சென்றவர்கள். கருவிக்கு எளிதாகப் புலப்படுவது, தனக்கு முன்னால் அதே திசையில் செல்லும் கார். நம் சாலைகளில் மிகுதியாக உயிரிழப்போரோ காரில் செல்லாதவர்கள்.

நம் சாலைகளில் அது தடுமாறும் இடங்கள்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை வழியாக விருதுநகர் செல்லும் நான்குவழிச் சாலையில் இரவில் ஓட்டியவர்களுக்கு, ஓரத்தில் பின்விளக்கின்றி நிற்கும் லாரியைத் தெரியும். வேகமாகச் செல்லும்போது நகராமல் நிற்கும் பொருளை அடையாளம் காண்பது இந்தக் கருவிகளின் பழைய பலவீனம். பாலம், வழிகாட்டிப் பலகை, சாலைத் தடுப்பு ஆகிய எல்லாவற்றையும் கண்டு பிரேக் பிடித்தால் வண்டி ஓடாது என்பதால், நிற்கும் பொருள்களில் பலவற்றை ரேடார் பொருட்படுத்தாமல் விடுமாறு அமைத்திருப்பார்கள். அந்தக் கழிவில் லாரியும் சேர்ந்துவிடக்கூடும். அறுவடைக் காலத்தில் வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் வைக்கோல் பாரம் சாலையின் பாதி அகலத்துக்குப் பிதுங்க, விளக்கில்லாமல் செல்லும் டிராக்டரும் அப்படித்தான். கேமரா கற்றுக்கொண்ட ‘வண்டியின் பின்புறம்’ அந்த உருவத்தில் இல்லை.

ஆடு, மாடு, நாய் ஆகியவற்றைக் கண்டுகொள்ளும் என்று பல கார்களின் கையேடுகள் உறுதி தருவதில்லை; கண்டுகொள்ளாது என்றே சில வெளிப்படையாக எழுதியிருக்கும். எதிர்த்திசையில் ஓரமாக வரும் இருசக்கர வாகனம், சந்திலிருந்து பாயும் ஆட்டோ, நிற்கும் பேருந்துக்கு முன்னாலிருந்து சாலையைக் கடக்கும் பள்ளிச் சிறுவன் போன்றோரைப் பார்த்து முடிவெடுக்கப் போதிய நேரம் அதற்குக் கிடைப்பதில்லை.

வெயிலும் ஒரு காரணம். காலையில் மானாமதுரை, பரமக்குடி நோக்கிச் சென்றால் சூரியன் முகத்துக்கு நேரே இருக்கும். மாலையில் தேனிச் சாலையில் சென்றாலும் அப்படியே. நம் கண் கூசும்போது கேமராவின் கண்ணும் கூசும். கனமழையிலும் மார்கழிப் பனியிலும் திரையில் ‘கருவி தற்காலிகமாகச் செயல்படவில்லை’ என்ற பொருளில் ஒரு குறிப்பு வரும். அந்தக் குறிப்பு வந்தால் உங்களுடையது சாதாரணக் கார்தான். அதற்கேற்ற வேகத்தில் செல்லுங்கள்.

நம் பழக்கங்களில் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆயுத பூசையன்று முன்கண்ணாடியில் சந்தனம், குங்குமம், பம்பரில் வாழைக்கன்று, நடுவில் கதம்ப மாலை என்று வண்டிக்கு அலங்காரம் செய்கிறோம். பூசை முடிந்ததும் மாலையையும் கன்றையும் அவிழ்த்துவிட்டு, கேமராவுக்கு முன்னாலுள்ள கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்த பின்பே வண்டியை எடுங்கள். சாமி படம், ஃபாஸ்டேக் ஒட்டு, கட்சிக் கொடி எதுவும் அந்த இடத்தை மறைக்கலாகாது. பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவதை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்யச் சொல்லிவிட்டது; அது ரேடாரையும் குருடாக்கும். முன்கண்ணாடியை மாற்றினாலோ, பம்பரில் சிறிய இடி பட்டாலோ, கேமராவையும் ரேடாரையும் மீண்டும் அளவு பார்த்துச் சரிசெய்தார்களா என்று பணிமனையில் கேளுங்கள். ஓரிரு பாகை விலகிய ரேடார் பக்கத்து வரிசை வண்டியைப் பார்த்துப் பதறும். நேரே உள்ளதை விட்டுவிடும்.

எச்சரிக்கை ஒலித்தால்

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகுமென்றால், பிரேக் பிடிக்கத் தொடங்குமுன்பே 33 மீட்டர் போய்விடும். நிற்பதற்குக் காய்ந்த சாலையில் மேலும் 30 மீட்டருக்குமேல் வேண்டும். ஈரச் சாலையில் அதைவிட நிரம்பக் கூடுதலாகும். எச்சரிக்கை ஒலிப்பது இந்தக் கணக்கின் கடைசிப் பகுதியில். ஆகவே ஒலி கேட்டதும் ‘என்ன சத்தம்?’ என்று திரையைப் பார்க்கக் கூடாது. சாலையைப் பார்த்தபடியே பிரேக்கை முழு வலுவுடன் மிதித்து, மிதித்த காலை எடுக்காமல் வைத்திருங்கள். விட்டுவிட்டு மிதிக்கும் பழைய பழக்கம் வேண்டாம். இன்றைய கார்களில் அந்த வேலையை ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். மிதி அதிர்ந்தால் அஞ்ச வேண்டாம். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினாலோ ஸ்டீயரிங்கைச் சட்டென்று திருப்பினாலோ, ஓட்டுநர் தாமே முடிவெடுத்துவிட்டதாகக் கருதிப் பல வண்டிகள் தானியங்கி பிரேக்கை விட்டுவிடும்.

காரில் பல ஒலிகள் உண்டு. சீட் பெல்ட் மாட்டாவிட்டால் ஓர் ஒலி. 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஓர் ஒலி. இது 2019 ஜூலை முதல் புதிய கார்களில் கட்டாயம். மோதல் எச்சரிக்கையின் ஒலி எது என்பதை வண்டி வாங்கும்போதே விற்பனையகத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அதற்காக நீங்களே அட்டைப்பெட்டியையோ, அதைவிட மோசமாக வீட்டிலுள்ள ஒருவரையோ நிறுத்திச் சோதித்துப் பார்க்காதீர்கள். காணொளிகளைப் பார்த்து அப்படிச் செய்வோர் உண்டு. அட்டைப்பெட்டியை வண்டி ‘மனிதன்’ என்று ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். மனிதனையும் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம்.

கோரிப்பாளையம் சந்திப்பில், காளவாசலில், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் இந்த எச்சரிக்கை ஓயாமல் ஒலிப்பதாகப் பலர் சலித்துக்கொள்கிறார்கள். சிலர் அணைத்தே விடுகிறார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு முழ இடைவெளியில் இருசக்கர வாகனம் நுழைய, கார் திடீரென்று நின்றால், பின்னால் வருபவர் வந்து மோதுவார். ஆயினும் அணைப்பதைவிட நல்ல வழி உண்டு. பெரும்பாலான வண்டிகளில் எச்சரிக்கை எவ்வளவு முன்னதாக வரவேண்டும் என்பதை மாற்றலாம். நகரத்துக்குள் ‘தாமதம்’, நெடுஞ்சாலையில் ‘முன்னதாக’ என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்செல்லும் வண்டிக்கு இடம் விட்டுச் சென்றால் கருவி ஒலிப்பதும் குறையும், நோயாளிக்குக் குலுக்கலும் குறையும்.

வண்டி நின்றது, உள்ளிருப்பவர்?

முழு வலுவுடன் பிரேக் பிடிக்கும்போது, 60 கிலோ எடையுள்ளவர் 50 கிலோவுக்குக் குறையாத விசையுடன் முன்னோக்கித் தள்ளப்படுகிறார். நலமுள்ளவர் காலை ஊன்றிச் சமாளிப்பார். தையல் போட்ட வயிறும், கம்பி வைத்த தொடையும், மயக்க மருந்து முழுதும் தெளியாத உடலும் சமாளிக்க மாட்டா. இது மோதலே நிகழாமல் தப்பித்த நிலையில் வரும் விசை. மோதினால் பல மடங்காகும்.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் பாலத்துச் சுவரில் மோதியது. பாதுகாப்பு வசதிகளுக்குப் பெயர்போன விலையுயர்ந்த கார் அது. பின் இருக்கையில் இருந்த இருவரும் உயிரிழந்தனர். அவர்கள் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. முன் இருக்கையில் இருந்த இருவர் படுகாயத்துடன் பிழைத்தனர். பின் இருக்கையிலும் பெல்ட் அணிவது நம் நாட்டில் சட்டப்படி கட்டாயம். ஆனாலும் நம் வாசலிலிருந்து புறப்படும் கார்களில் பின் பெல்ட்டின் கொக்கி இருக்கை உறைக்கு அடியில் புதைந்து கிடப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நோயாளியை அழைக்க வருமுன் அதை வெளியே எடுத்து வையுங்கள்.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்தவர்களும் சிசேரியன் ஆன தாய்மாரும் “தையல் மேல படும்” என்று பெல்ட்டைத் தவிர்க்கிறார்கள். இடுப்புப் பட்டை வயிற்றின் மீது அல்லாமல், அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மீது படிய வேண்டும். தோள்பட்டை மார்பின் நடுவில் வர வேண்டும். உறுத்தினால் மடித்த மெல்லிய துண்டு ஒன்றை வைக்கலாம். தடித்த தலையணை வேண்டாம்; அது அமுங்கும்போது பெல்ட் தளர்ந்துபோகும். கர்ப்பிணிகளுக்கும் இதே முறைதான். இதய அறுவை சிகிச்சையில் மார்பெலும்பைப் பிளந்து தைத்தவர்கள், காற்றுப்பை இருக்கும் முன் இருக்கையைத் தவிர்த்துப் பின்னால் அமர்வது நல்லது. பெல்ட் அவர்களுக்கும் உண்டு.

பிறந்த குழந்தையைப் பாட்டியின் மடியில் வைத்து அழைத்துச் செல்வது நம் வழக்கம். அந்தக் கைகளின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 40 கி.மீ. வேகத்தில் மோதினால் மூன்று கிலோக் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது. பின்நோக்கி அமையும் குழந்தை இருக்கையைப் பின் இருக்கையில் பெல்ட்டால் கட்டி, அதில் படுக்க வையுங்கள். பாட்டி அருகில் அமர்ந்து ஒரு விரலைக் கொடுத்தால் குழந்தை பிடித்துக்கொள்ளும்.

ஆக்சிஜன் சிலிண்டர், வாக்கர், சக்கர நாற்காலி, சாப்பாட்டுத் தூக்கு ஆகிய எல்லாம் வண்டி நின்றபின்னும் ஓடிக்கொண்டிருப்பவை. சிலிண்டரைப் பட்டையால் இறுகக் கட்டுங்கள். காலடியில் உருளவிட வேண்டாம். சக்கர நாற்காலியை மடித்து டிக்கியில் வையுங்கள். சிறுநீர்ப் பையை முன் இருக்கையின் முதுகில் தொங்கவிட்டிருந்தால், உடல் ஒரு பக்கமும் பை ஒரு பக்கமும் இழுபட்டுக் குழாய் பிடுங்கப்படும். பையைச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, நோயாளியின் காலிலேயே கட்டி, குழாயைச் சற்றுத் தளர்வாக விடுங்கள். உட்காரவே முடியாத நோயாளியைக் காரில் ஏற்றாதீர்கள். ஆம்புலன்ஸில் படுக்கையும் அதைக் கட்டும் பட்டைகளும் இருக்கின்றன. விடுப்புச் சீட்டு எழுதும்போதே செவிலியரிடம் சொன்னால் ஏற்பாடு செய்ய உதவுவார்கள்.

ஓட்டுபவர் யார்?

கண்புரை அறுவை சிகிச்சையன்றும், பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்ட அன்றும் நீங்கள் ஓட்டக் கூடாது. கேமரா உங்கள் கண்ணுக்கு மாற்றாகாது. சளி, ஒவ்வாமை, வலி, வலிப்பு, உறக்கம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளில் பல தூக்கத்தைத் தருபவை. மருந்து வாங்கும்போது “இதைச் சாப்பிட்டு வண்டி ஓட்டலாமா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் புறப்படுமுன் சர்க்கரை அளவைப் பாருங்கள். 90-க்குக் குறைவாக இருந்தால் ஏதேனும் சாப்பிட்டு, அளவு ஏறியபின் ஓட்டுங்கள். வலது காலில் மூட்டு மாற்றோ மாவுக்கட்டோ உள்ளவர் “ஆட்டோமேட்டிக் வண்டி, பிரேக்கும் அதுவே போடும்” என்று என்னிடம் வாதிட்டிருக்கிறார். அவசரத்தில் முழு வலுவுடன் மிதிக்கும் திறன் காலுக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகும். அறுவை மருத்துவர் சொல்லும்வரை பொறுங்கள்.

நான் அதிகம் அஞ்சுவது நோயாளியைப் பற்றி அன்று. மூன்று இரவுகள் வார்டுக்கு வெளியே நாற்காலியில் உறங்காமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரத்துக்கு ஓட்டிச் செல்லும் மகனையோ மருமகனையோ பற்றி. அவர் நோயாளியாகப் பதிவாகாதவர். யாரும் அவர் நாடியைப் பார்ப்பதில்லை. கண் செருகும் ஓட்டுநருக்கு எச்சரிக்கை ஒலி கேட்டாலும் அதற்கு விடையளிக்க இரண்டு நொடிகூட இராது. வேறு ஓட்டுநரை அழையுங்கள். இல்லையேல் இங்கேயே சில மணி நேரம் உறங்கிவிட்டு, வெளிச்சத்தில் புறப்படுங்கள். விடுப்புச் சீட்டு மாலையில் கைக்கு வந்தது என்பதற்காக இரவிலேயே கிளம்ப வேண்டியதில்லை.

வழியில் விபத்து நேர்ந்தாலோ, விபத்தில் சிக்கியவரைக் கண்டாலோ 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றித் தரப்படுகிறது. உதவி செய்தவரைத் தம் பெயரைச் சொல்லுமாறு கட்டாயப்படுத்த முடியாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

உசிலம்பட்டிப் பெரியவர் இரண்டு வாரம் கழித்துத் தையல் பிரிக்க வந்தார். அன்று செக்கானூரணி தாண்டியதும் ஓர் ஆட்டு மந்தை சாலையில் ஏறிவிட்டதாம். வண்டி ஒரு சத்தமும் போடவில்லை. தாம்தான் மிதித்ததாக மகன் சொன்னார். பெரியவருக்கு வேறொரு குறை இருந்தது. “பெல்ட்டு கழுத்த அறுக்குதுய்யா” என்றார். வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். கதவுத் தூணில் பெல்ட்டின் உயரத்தை மாற்றும் பிடி ஒன்று இருக்கும். அதை இரண்டு படி கீழே இறக்கிக் கொடுத்தேன்.